சிங்கப்பெருமாள் கோவில் சீன்

ஐதராபாத்
9.2.2025

அன்புள்ள அக்காவுக்கு,

குமரேசன் எழுதுவது. இங்கே நான் சௌக்கியம். நீ, மாமா, அம்மா எல்லோரும் நலம்தானே? அம்மாவின் முட்டிவலி எப்படி இருக்கிறது?

இந்தக் காலத்தில் கடிதமா என்று முகத்தைச் சுளிக்காதே. நான் போன் செய்தால் கேசவன் மாமா ஸ்பீக்கரில் போட்டுவிடுகிறார். "நம்ப டைரக்டர் பேசறாரு, கேட்டுக்குங்கப்பா" என்று மோட்டார் கடைக்கு வந்தவர் போனவர் எல்லோருக்கும் என் குரலைப் பந்தி வைக்கிறார். வாட்ஸப்பில் உனக்கு ஒரு வரி அனுப்பினால் அடுத்த நிமிடம் அது காலனி குரூப்பில் இருக்கிறது. அதனால்தான் உன் பள்ளி விலாசத்துக்கு எழுதுகிறேன்.

மூன்றாவது படம் நம் வீட்டுக் கதை. அப்பா நிலத்தைப் பிளாட் போட்டு விற்ற காலத்தில் ஒரு பையன் வளர்கிறான், அவ்வளவுதான். அதில் ஒரு சீன் எடுக்கலாம் என்றிருக்கிறேன். எனக்கு எட்டு வயதிருக்கும்போது நீ என்னை மட்டும் மின்சார ரயிலில் சிங்கப்பெருமாள் கோவிலுக்குக் கூட்டிப்போனாயே, அந்த நாள். மலையைக் குடைந்த கோவில் என்பதால் சாமியைச் சுற்ற மலையையே சுற்ற வேண்டும் என்றாய். சுற்றினோம், சுற்றினோம், சுற்றிக்கொண்டே இருந்தோம். புளியோதரை தின்றேன். சின்ன வயதில் எனக்கென்று ஒரு நல்ல நாள் இருந்தது என்றால் அதுதான்.

ஒவ்வொரு சுற்று முடிந்ததும் நீ ஏதோ சொல்லி என்னைத் திரும்ப நடக்கவைத்தாய். அது என்ன வார்த்தை என்று நினைவில்லை. உனக்கு நினைவிருக்கிறதா? வசனத்துக்கு வேண்டும்.

அம்மாவைக் கேட்டதாகச் சொல்.

உன் தம்பி,
குமரேசன்

சேலையூர்
20.2.2025

தம்பி குமரேசனுக்கு அக்கா ஆசீர்வதித்து எழுதுவது. அம்மாவுக்கு முட்டிவலி அப்படியேதான். தைலம் தேய்க்கிறேன். மாமா நலம்.

பள்ளி வாசலில் உன் படம் போட்டு ஃப்ளெக்ஸ் வைத்திருக்கிறார்கள். "பன்னிரண்டாம் வகுப்போடு படிப்பை முடித்துத் திரையுலகை வென்ற எங்கள் மாணவர்" என்று. பாலிடெக்னிக் போகமாட்டேன் என்று நீ அடம்பிடித்தபோது அப்பா சாப்பிடாமல் கிடந்தது யாருக்குத் தெரியும்? தினமும் காலையில் உன் சிரிப்புக்குக் கீழே நுழைகிறேன். எதையோ மறைக்கிற சிரிப்பு.

அந்த நாளைப் பற்றி எனக்கு ஒன்றும் நினைவில்லை. கோவிலுக்குப் போனோம், வந்தோம். இதில் சினிமா எடுக்க என்ன இருக்கிறது? எத்தனையோ கோவிலுக்குப் போயிருக்கிறோம். திருநீர்மலை இல்லையா, மாடம்பாக்கம் இல்லையா? அந்த ஒரு நாள் மட்டும் ஏன்?

நான் கணக்கு டீச்சர். விடை சரியாக இருந்தாலும் படிகளைக் காட்டாமல் வந்தால் மார்க் போடமாட்டேன். உனக்கு இந்த நினைப்பு எந்த வழியாக வந்தது என்று எழுது. சாவித்ரியைப் பார்த்தாயா? அவள் கல்யாணமாகி ஐதராபாத்துக்குத்தானே போனாள்.

வேளாவேளைக்குச் சாப்பிடு.

சந்திரிகா

ஐதராபாத்
4.3.2025

அன்புள்ள அக்காவுக்கு,

கடிதம் கிடைத்தது. இங்கே இப்போதே வெயில் மண்டையைப் பிளக்கிறது. உடம்புக்கு ஒன்றுமில்லை.

யார் அந்தச் சாவித்ரி? இவ்வளவு பெரிய ஊரில் எந்தச் சாவித்ரியை நான் பார்ப்பேன்? போலீஸ் ஸ்டேஷனில் உட்கார வைத்துக் கேட்பதுபோல் கேட்கிறாயே. மடியில் கனமில்லை என்றால் வழியில் பயம் எதற்கு, டீச்சரம்மா?

உனக்கு நினைவில்லை என்றால் நான் நினைவூட்டுகிறேன். நீ நீலத் தாவணி கட்டியிருந்தாய். அதை வீட்டில் விசேஷத்துக்குத்தான் கட்டுவாய். கையில் ஒரு பச்சை ரெக்ஸின் பை. கனமாக இருந்தது. நான் தூக்குகிறேன் என்று கேட்டேன், தரவில்லை. கோவிலுக்குப் போக அவ்வளவு பெரிய பை எதற்கு? அதில் என்ன இருந்தது? கலை இயக்குநர் கேட்கிறார், அதனால்தான்.

மாமாவிடம் சொல், ரிலீசுக்கு நான் வருகிறேன் என்று.

குமரேசன்

சேலையூர்
17.4.2025

குமரேசா,

நலம் விசாரிக்கிற மனநிலையில் நான் இல்லை. நீ நன்றாகத்தான் இருப்பாய்.

நேற்று மாமா கடையிலிருந்து ஓடிவந்து போனை என் மூக்குக்கு முன்னால் நீட்டினார். "பாரு, உன் தம்பி படத்துக்குப் பூசணிக்கா ஒடைச்சிட்டாங்க!" பார்த்தேன். மலையடிவாரம், நீ, உன் ஆட்கள், உடைந்த பூசணிக்காய். கடைசி நாள் படப்பிடிப்பு முடிந்தால்தான் பூசணிக்காய் உடைப்பார்கள் என்று முதல் படத்தின்போது எனக்குச் சொல்லிக்கொடுத்தவனே நீதான். தேதி போட்டிருந்தது, ஜனவரி. எடுக்கலாம் என்றிருக்கிறேன் என்று பிப்ரவரியில் எழுதினாயே! எடுத்து முடித்துவிட்டு என்னிடம் வந்து பால் குடிக்கத் தெரியாத பூனைமாதிரி வார்த்தை கேட்டாய்.

பையைப் பற்றிக் கேட்டபோதே எனக்குப் புரிந்துவிட்டது. பையில் புடவை இருந்தது என்று அந்தச் சாவித்ரி சொல்லவில்லையா? எங்கள் இருவருக்கும் நடுவில் சீட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தவளே அவள்தானே. டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட் ராஜகோபாலன் பெயரையாவது மாற்றி வைத்தாயா, இல்லை அப்படியே வைத்துவிட்டாயா? பிளாட் வாங்கிக் குடிவந்த காலனி வீட்டுப் பிள்ளை, நம் வீட்டுப் பெண்ணைக் கட்ட அவன் வீட்டில் ஒத்துக்கொள்ளமாட்டார்கள், அதனால் கோவிலில் தாலி கட்டுகிறேன் என்றான். பொழுது சாயும்வரை நின்றேன். வரவில்லை. இதைத்தான் டிக்கெட் போட்டு ஊருக்குக் காட்டப்போகிறாயா?

உன் மாமாவுக்கு இதெல்லாம் தெரியாது. தெரியாமலே இருபத்தாறு வருடம் ஓட்டிவிட்டேன். தலைநிமிர்ந்து பார்க்காத பெண் என்று சொல்லித்தான் அப்பா என்னைக் கொடுத்தார். மாமா ரிலீஸ் முதல் நாளே காலனியையே கூட்டிக்கொண்டு போகப்போகிறார். அத்தனை பேருக்கு நடுவில் என்னை உட்காரவைத்துப் பார்க்க உனக்கு எப்படி மனசு வந்தது?

உடனே பதில் எழுது.

சந்திரிகா

ஐதராபாத்
28.4.2025

அக்கா,

அம்மா நலமா?

உன் கடிதத்தைப் படித்துவிட்டு வேலைக்குப் போகவில்லை.

பூசணிக்காய் விஷயத்தில் நான் பொய் சொன்னது உண்மை. முன்னாலேயே கேட்டால் வேண்டாம் என்பாய் என்று எடுத்துவிட்டேன். உனக்கு நம் வீட்டு விஷயம் வெளியே போவது பிடிக்காது. எடுத்த பிறகு மனசு உறுத்தியது. ஒரு வசனமாவது உன் வாயிலிருந்து வாங்கிச் சேர்த்தால் உன் சம்மதம் கிடைத்தமாதிரி என்று என்னை நானே ஏமாற்றிக்கொண்டேன். டப்பிங் இன்னும் பேசவில்லை, அதில் சேர்த்துக்கொள்ளலாம் என்றிருந்தேன்.

பையைப் பற்றிக் கேட்டது உன் நினைவைக் கிளறத்தான். மற்றபடி எனக்கு ஒன்றுமே தெரியாது. சாவித்ரி யாரென்று தெரியாது. ராஜகோபாலன் யாரென்று தெரியாது. நான் எடுத்த சீனில் ஒரு அக்கா, ஒரு தம்பி, ஒரு மலை, ஒரு பொட்டலம் புளியோதரை. அவ்வளவுதான் இருந்தது.

இப்போது தெரிந்துவிட்டது. நீ சொல்லித்தான் தெரிந்தது.

குமரேசன்

சேலையூர்
19.5.2025

தம்பிக்கு,

வீட்டில் எல்லோரும் சுகம். நான் எழுதி ஒரு மாதம் ஆகிறது. பதில் இல்லை. பள்ளிக்கு லீவு விட்டுப் பூட்டிக் கிடக்கிறது, தெரியும். ஆனால் அம்மாவின் போனில் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே? குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். அதுதான் ஊமையாக இருக்கிறாய்.

சாவித்ரி இல்லை என்றால் அம்மாவாக இருக்குமோ என்று சந்தேகம் வந்தது. "குமரேசன்கிட்ட ஏதாவது சொன்னியாம்மா, சிங்கப்பெருமாள் கோவிலுக்குப் போனத பத்தி?" என்று கேட்டேன். அம்மா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தது, தலையைத் தூக்கவில்லை. "இன்னாத்த சொல்றது? கோயிலுக்குப் போன, வூட்டுக்கு வந்த. வந்தவ ரெண்டு நாளு சோறு துன்னல. நான் கேட்டனா அப்போ? இப்பொ இன்னாத்துக்கு நீ கேக்கற?" என்றது. எவ்வளவு தெரியும் அதற்கு? எவ்வளவு வருடமாகத் தெரியும்? இப்போது தைலம் தேய்க்கும்போதுகூட என் முகத்தையே பார்க்கிறமாதிரி இருக்கிறது.

மாமா ரிலீசுக்கு ஒரு வரிசை முழுக்க டிக்கெட் எடுக்கப்போகிறாராம். "இதுல நீ எந்த சீன்ல வர்ற?" என்று தினமும் கேட்கிறார். சிரித்துக்கொண்டேதான் கேட்கிறார். அந்தச் சிரிப்பும் எனக்கு இப்போது பிடிக்கவில்லை.

வீட்டு விலாசத்துக்கு எழுதாதே.

அக்கா

சேலையூர்
5.6.2025

குமரேசா,

பள்ளி திறந்தது. ஆபீஸ் அம்மா அங்காளம்மாள் உன் ஏப்ரல் கடிதத்தைக் கொடுத்தாள். லீவு முழுக்க மேசை டிராயரில் கிடந்திருக்கிறது. ஸ்டாஃப் ரூமில் எல்லோரும் இருக்கும்போதே படித்துவிட்டேன். தண்ணீர் குடித்தேன். பிறகு ஒன்பதாம் வகுப்புக்குப் போய்ப் பாடம் எடுத்தேன். என்ன எடுத்தேன் என்று கேட்காதே.

எங்கப்பன் குதிருக்குள் இல்லை என்று நானே போய்ச் சொல்லியிருக்கிறேன். ஊரில் உள்ள பிள்ளைகளை எல்லாம் கேள்வி கேட்டே உண்மையை வாங்குகிறவள் நான். ஒருவரும் கேட்காமலே என் வாயைத் திறந்து எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்.

நீ சொல்வது நிஜமா? ஒன்றுமே தெரியாதா? நம்பவும் முடியவில்லை, நம்பாமல் இருக்கவும் முடியவில்லை. சரி, தெரியாமல் எடுத்தாய். இப்போது தெரிந்துகொண்டாய். சும்மா இருப்பாயா? சினிமாக்காரன் கையில் ஒரு கதை கிடைத்தால் விடுவானா? அந்தச் சீனை எடுத்துவிடு. முழுதாக எடுத்துவிடு. ஒரு வரி பதில் போதும்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

சந்திரிகா

ஐதராபாத்
11.7.2025

அன்புள்ள அக்காவுக்கு,

தாமதத்துக்கு மன்னித்துவிடு. காய்ச்சல் ஒன்றுமில்லை, நன்றாகத்தான் இருக்கிறேன். எழுதப் பிடிக்கவில்லை.

எடிட்டிங்கில் அந்தச் சீனைப் போட்டுப் பார்த்தேன். முன்னெல்லாம் அந்தப் பையன் துள்ளிக்கொண்டு ஓடுவதைப் பார்த்தால் எனக்கே சிரிப்பு வரும். இப்போது அவன் பின்னால் நடந்து வருகிற பெண்ணைத்தான் பார்க்கிறேன். அவள் ஸ்டேஷன் ரோட்டைத் திரும்பித் திரும்பிப் பார்க்கிறாள். நான் அப்படி நடிக்கச் சொல்லவே இல்லை. எங்கிருந்து வந்ததோ.

அந்தச் சீனைத் தூக்கினால் படம் நொண்டும் என்று எடிட்டர் சொல்கிறார். தயாரிப்பாளர் கத்துவார். கத்தட்டும். உனக்கு ஆபத்து என்றால் தூக்கிவிடுகிறேன். சத்தியம் வேண்டுமா? செய்கிறேன்.

ஆனால் எனக்கும் ஒரு கேள்வி இருக்கிறது. பாலிடெக்னிக் வேண்டாம் என்று வீட்டைவிட்டு வந்தேன். எத்தனையோ ஆபீஸ் வாசலில் நின்றேன். அப்போதெல்லாம் அந்த ஒரு நாளை நினைத்துக்கொள்வேன். என்னை ஒருத்தி ஆசையாகக் கூட்டிப்போய் நாள் முழுக்கக் கூடவே இருந்தாள் என்று. நான் படம் எடுக்க வந்ததற்கே அதுதான் முதல் என்று பேட்டியெல்லாம் கொடுத்திருக்கிறேன், தெரியுமா? இப்போது சொல். வீட்டைவிட்டுக் கிளம்ப உனக்கு ஒரு சாக்கு வேண்டியிருந்தது. அதற்காகத்தானே என்னைக் கூட்டிப்போனாய்? அவன் வந்திருந்தால் என்னை என்ன செய்வதாக இருந்தாய்? ரயிலேற்றி விட்டிருப்பாயா, தனியாக?

நீ பொய் சொன்னால் எனக்குத் தெரிந்துவிடும்.

குமரேசன்

சேலையூர்
10.8.2025

என் தம்பி குமரேசனுக்கு,

இங்கே அனைவரும் நலம் என்று எழுத வேண்டும். எழுதிவிட்டேன்.

சாக்குதான். தம்பியைக் கோவிலுக்குக் கூட்டிப்போகிறேன் என்றால்தான் அப்பா விடுவார். அவன் வந்திருந்தால் தாம்பரம் ரயிலில் தெரிந்தவர் யாரிடமாவது உன்னை ஒப்படைப்பதாக இருந்தேன். யாரிடம் என்றுகூட யோசிக்கவில்லை. எட்டு வயதுப் பிள்ளை. இதை எழுதும்போது எனக்கே என்மேல் வெறுப்பாக இருக்கிறது.

"இன்னும் ஒரே ஒரு சுத்து, சாமி நம்மள இன்னும் பாக்கல" என்று சொல்லிச் சொல்லித்தான் உன்னை நடக்கவைத்தேன். நீ கேட்ட வசனம் அதுதான். ஆனால் கடைசிச் சுற்று நான் சொல்லிச் சுற்றியது இல்லை. இனி வரமாட்டான் என்று தெரிந்து, வாடா போகலாம் என்றேன். நீதான் "இன்னும் ஒண்ணு" என்றாய். அந்தச் சுற்றில் நான் யாருக்கும் காத்திருக்கவில்லை. நீ கதை சொல்லிக்கொண்டே வந்தாய், சிங்கம் மலைக்குள்ளே எப்படிப் போச்சு என்று. நான் கேட்டுக்கொண்டே வந்தேன். அது ஒன்று உனக்கே உனக்கு. வேண்டுமானால் நம்பு.

இன்னொன்று. போன ஞாயிற்றுக்கிழமை மாமாவிடம் சொல்லிவிட்டேன். ரிலீஸ் டிக்கெட்டுக்கு யார் யாரைக் கூப்பிடலாம் என்று எழுதிக்கொண்டிருந்தார். என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. எல்லாம் சொன்னேன். பேனாவை மூடி வைத்தார்.

"தாலி கட்டிக்கினியா?"

"அவன் வரவே இல்லைங்க."

"வந்திருந்தா?"

கேட்டுவிட்டு அவர் எழுந்தார். சட்டையை மாட்டிக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமையும் அதுவுமாகக் கடையைத் திறக்கப் போய்விட்டார். வாரம் முழுக்கத் தட்டைப் பார்த்தே சாப்பிட்டார். நேற்றுத்தான் வாயைத் திறந்தார். "குமரேசன் அந்த சீன வெட்ட வேணாம்னு சொல்லு. ஊரே பாக்கட்டும். ஆனா நம்ப கூட குந்திகினு பாக்க வேணாம். நீயும் நானும் மட்டும் போவோம்" என்றார். காலனிக்காரர்களிடம் டிக்கெட் கிடைக்கவில்லை என்று சொல்லிவிட்டார். நல்லதற்குச் சொல்கிறாரா, சோதித்துப் பார்க்கிறாரா என்று எனக்கு விளங்கவில்லை.

வெட்டாதே. எடுத்தது எடுத்தபடி இருக்கட்டும். ஒன்றும் கூட்டவும் வேண்டாம்.

அக்கா சந்திரிகா

ஐதராபாத்
22.9.2025

அன்புள்ள அக்காவுக்கு,

மழை விடுவதாக இல்லை, ஜலதோஷம் பிடித்திருக்கிறது, மற்றபடி நலம். அம்மாவையும் மாமாவையும் விசாரித்ததாகச் சொல்.

டப்பிங் முடிந்தது. உன் வார்த்தையை அப்படியே பேசவைத்தேன். பேச வந்த பெண் இரண்டு முறை சொல்லிவிட்டு மூன்றாவது முறை அழுதுவிட்டாள். அவளிடம் நான் ஒன்றும் சொல்லவில்லை, நம்பு.

கடைசிச் சுற்றை நம்புகிறேன். அந்தச் சிங்கக் கதை எனக்கு நினைவு வந்துவிட்டது.

அக்டோபர் பத்தாம் தேதி ரிலீஸ். நீ பார்த்த பிறகு எழுது. அதுவரை நான் எழுதவில்லை.

குமரேசன்

சேலையூர்
14.10.2025

அன்புத் தம்பி குமரேசனுக்கு,

அக்கா எழுதுவது. எல்லோரும் சுகமே. படம் நன்றாக ஓடுகிறது என்று ஊரெல்லாம் பேச்சு. ஃப்ளெக்ஸை மாற்றிப் பெரிதாக வைத்துவிட்டார்கள். தலைமையாசிரியர் தீபாவளி கழித்து உனக்குப் பாராட்டு விழா என்கிறார். ஆண்டு விழாவுக்குப் பாட்டுப் பாட ஆள் தேடும்போதுகூட என் பக்கம் திரும்பாதவர், இப்போது எனக்கு நாற்காலி எடுத்துப் போடுகிறார்.

மாமா இங்கே தியேட்டர் வேண்டாம் என்றார். தெரிந்தவர் யாரும் இருக்கமாட்டார்கள் என்று நாவலூருக்குக் கூட்டிப்போனார். சுற்றிலும் கழுத்தில் ஐ.டி. கார்டு தொங்கும் பிள்ளைகள். அந்தப் பையன் வரும் இடமெல்லாம் சிரித்தார்கள், கைதட்டினார்கள். ரயில் சிங்கப்பெருமாள் கோவிலில் நின்றது.

நீ திருடன். ஒன்றும் கூட்டாதே என்று எழுதினேன். அவள் முகத்தைப் பெரிதாகக் காட்டினாயே, யாரைக் கேட்டுக் காட்டினாய்? பையன் பொட்டலத்தைப் பிரிக்கிறான், அவள் ஸ்டேஷன் ரோட்டைப் பார்க்கிறாள். ஒரு வார்த்தை இல்லை. ஆனால் பார்க்கிற எந்தப் பெண்ணுக்கும் தெரிந்துவிடும், அவள் எதற்கு நிற்கிறாள் என்று. சிரித்துக்கொண்டிருந்த பிள்ளைகள் எல்லாம் சத்தமில்லாமல் ஆகிவிட்டார்கள். நான் உன்னைச் சந்தேகப்பட்டது வீண்போகவில்லை. கோபத்தில் எழுந்து போய்விடலாம் என்றுதான் இருந்தது. போகவில்லை. அன்றைக்கு என் முகத்தை ஒருவரும் பார்க்கவில்லை குமரேசா. நீகூடப் பார்க்கவில்லை. இப்போதுதான் பார்த்திருக்கிறாய் என்று நினைத்தேன். அழுதுவிட்டேன்.

திரும்பிப் பார்த்தால் மாமா திரையைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். "இன்னும் அவனத்தான் நெனைச்சுகினு கீறியா?" என்றார், காதோடு காதாக.

"இல்லைங்க. என் தம்பியை" என்றேன். அது சத்தியம். நம்பினாரா என்று தெரியவில்லை.

வண்டியில் திரும்பினோம். சோழிங்கநல்லூர் சிக்னலில் நின்றபோது, முன்னால் பார்த்தபடியே கேட்டார். "எவ்ளோ நேரம் நின்ன அங்க?"

"விளக்கு வைக்கிற வரைக்கும்."

"துன்னியா ஏதாவது?"

"இல்லை."

பச்சை விழுந்தது. அவர் வண்டியை எடுக்கவில்லை. பின்னால் ஹாரன் அடித்துத் திட்ட ஆரம்பித்த பிறகுதான் எடுத்தார். மேடவாக்கம் தாண்டி ஓர் ஓட்டல் வாசலில் நிறுத்தி, எனக்குப் பசிக்கிறதா என்று கேட்காமலே, ஒரு சாப்பாடு சொல்லி என் முன்னால் வைத்தார். தனக்கு வேண்டாம் என்றுவிட்டார். நான் தின்று முடிக்கும்வரை எதிரில் உட்கார்ந்திருந்தார்.

அதற்குப் பிறகு இன்றுவரை அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. என்றைக்காவது கேட்பாரோ என்று அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். அவரும் என்னைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

தீபாவளிக்கு வந்துவிடு. அம்மா உன்னையே கேட்டுக்கொண்டிருக்கிறது.

உன் அக்கா,
சந்திரிகா